ஓதிய தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது?

என் தங்கையின் மகள் அரச பாடசாலை ஒன்றில் ஆசிரியை. சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அவள் அக்ரஹாரக் காப்புறுதிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த ஒரு மாலையில் நானும் கல்முனையில் இருந்தேன். மகள் சுகப்பட்டால் கடற்கரைப் பள்ளிக்கு ஓர் ஆடு கொடுப்பதாக என் தங்கை நேர்ந்திருந்தாள். அதுவும் நிறைவேறியிருந்தது. "ஆட்டுக்கும் ஓதின தண்ணிக்கும் அக்ரஹாரயில காசு எடுக்கேலுமா மாமா?" என்று படிவத்திலிருந்து தலை தூக்காமலே அவள் கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பின்னர், இதே கேள்வியை அமெரிக்க நாட்டின் நீதிமன்றங்கள் ஆண்டுக்கணக்கில் விசாரித்த கதை எனக்கு நினைவுக்கு வந்தது. கூடவே, அரை நூற்றாண்டுக்கு முன் மறைந்துபோன ஒரு கிழவியின் முகமும் வந்தது.

தமிழக வாசகர்கள் அக்ரஹாரம் என்றதும் வேறெதையோ எண்ணிக்கொள்வார்கள். இலங்கையில் அது அரச உத்தியோகத்தர்களின் மருத்துவக் காப்புறுதித் திட்டத்தின் பெயர். மாதச் சம்பளத்தில் ஒரு சிறு தொகை கழிக்கப்படும். வைத்தியசாலையில் தங்கினால் விதிப்படி பணம் கிடைக்கும். 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இதை நடத்துகிறது. ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் நிறைந்த எங்கள் கரையோர ஊர்களில் இந்தப் படிவத்தைக் காணாத வீடு குறைவு. அக்ரஹார இல்லாதவருக்கும் அரச வைத்தியசாலை இலவசம்தான். 1951இல் கட்டணங்களை நீக்கிய அரசு, 1971இல் 25 சதம் அறவிடத் தொடங்கி, 1977இல் அதையும் கைவிட்டது. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யூனானியையும் தன்னுள் அடக்கிக்கொண்டமையால், பரிசாரியாரின் கஷாயத்துக்கும் அரசின் கணக்கில் ஓரிடம் உண்டு. ஆக, மருந்து என்று பெயர் பெற்ற எதுவும் ஏதோவொரு வகையில் அரசின் பார்வைக்குள் வந்துவிடுகிறது. வெளியே நிற்பது மருந்தல்லாத பராமரிப்பு.

அது எங்கள் கரையில் எவ்வளவு பெரியது என்பதை வெளியூரார் அறியமாட்டார். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுந்தது. ஆண்டகை 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அடக்கஸ்தலம் இருப்பது நாகூரில். இங்கே இருப்பது நினைவிடம் மட்டுமே. மரக்கலம் ஓட்டிய தமிழ் முஸ்லிம்கள் போய் இறங்கிய பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இப்படியான நினைவிடங்கள் உண்டு. ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடியேறும், தொடர்ந்து கந்தூரி. இந்தக் கொடியேற்றத்தின் வயது ஏறத்தாழ இருநூறு ஆண்டு என்பது ஊர்க் கணக்கு. என் சிறு வயதில் அது வெறும் விழாத்தலமாக எங்களுக்குத் தோன்றியதில்லை. காய்ச்சல் விடாவிட்டால் உம்மும்மா எங்களை அங்கேதான் தூக்கிப் போவார். லெப்பை ஓதி ஊதிய தண்ணீர், நெற்றிக்கு விளக்கெண்ணெய், பிறகு வெளி மண்டபத்தில் கடற்காற்றில் ஒரு தூக்கம். இவையெல்லாம் மார்க்கத்துக்கு உகந்தவைதாமா என்ற வாதம் பின்னாளில் ஊரை இரண்டாக்கியது. அந்த வாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை.

முஸ்லிம்கள் மட்டுமல்லர். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் நோய் தீர நேர்ந்து தீ மிதிப்பவர்களையும், அம்மாள் வருத்தம் கண்ட வீட்டில் வேப்பிலை செருகிக் காரைதீவுக் கண்ணகியின் குளிர்த்திக்குக் காத்திருப்பவர்களையும் நான் அறிவேன். கடற்கரைப் பள்ளிக்குத் தமிழர்களும் வருவார்கள். இன்று இன வேறுபாட்டால் ஒரே நகரில் இரண்டு அரச வைத்தியசாலைகள் ஆகிவிட்ட கல்முனையில், இதை எழுதும்போது சற்று வெட்கமாகவே இருக்கிறது.

குட்டி மாமா என் உம்மாவின் கடைசித் தம்பி. கடையொன்றில் கணக்கெழுதியவர். 1971இல், அதாவது அந்த 25 சதக் கட்டணம் வந்த ஆண்டில், அவருக்குப் புத்தி தடுமாறியது. முதலில் இசும் பார்த்தார்கள், பிறகு பரிசாரியார், பிறகு மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலேறி அங்கொடை. திரும்பி வந்தபோது அவர் சாந்தமாக இருந்தார். ஆனால் வீட்டுக்குள் இருக்க மறுத்தார். கடற்கரைப் பள்ளியின் வெளி மண்டபமே அவருக்குப் பிடித்தது. அங்கே கச்சான் விற்ற ஒரு கிழவி அவரைக் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டுவாள். சோறு குழைத்து ஊட்டுவாள். இரவில் அவர் எழுந்து கடலை நோக்கி நடந்தால் பின்னாலேயே நடந்து கூட்டி வருவாள். மருந்தும் அவள் கொடுக்கவில்லை, மந்திரமும் ஓதவில்லை.

அமெரிக்கக் கதை இங்கிருந்துதான் எனக்கு விளங்கத் தொடங்குகிறது. மேரி பேக்கர் எடி அம்மையார் 1879இல் பொஸ்டன் பகுதியில் நிறுவிய கிறிஸ்தவ விஞ்ஞானத் திருச்சபையினர், நோய்க்குப் பிரார்த்தனையே பரிகாரம் என்று நம்புவோர். அவர்களுக்குச் சொந்தமான ஆரோக்கிய நிலையங்களில் மருந்து கிடையாது. பராமரிப்பாளர் இருப்பார்: குளிப்பாட்டுவார், உணவூட்டுவார், புண்ணைக் கழுவிக் கட்டுவார், பக்கத்தில் இருப்பார். 1965 ஜூலை 30ஆம் திகதி ஜனாதிபதி ஜோன்சன், முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதியோருக்கான மெடிகெயார் காப்புறுதிச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அந்தச் சட்டத்திலேயே இந்த நிலையங்களுக்கும் இடம் கொடுக்கப்பட்டது. பிரார்த்தனை செய்பவரின் கூலியை அரசு கொடுப்பதில்லை. கட்டிலுக்கும் உணவுக்கும் பராமரிப்புக்குமே பணம். கச்சான் கிழவி பொஸ்டனில் பிறந்திருந்தால் அவளுடைய வேலைக்கு அரசு சம்பளம் வந்திருக்கும் என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் ஒரு மதப்பிரிவின் பெயரைச் சட்டத்தில் எழுதிச் சலுகை கொடுப்பது அரசியலமைப்புக்கு ஒவ்வுமா? இந்தக் கேள்வியோடு நீதிமன்றம் போனவர்களின் பின்னணி நெஞ்சை உருக்குவது. ரீட்டா ஸ்வானும் அவர் கணவரும் அந்தத் திருச்சபையில் இருந்தவர்கள். 1977இல், பதினாறு மாதக் குழந்தையாக இருந்த அவர்களுடைய மகன் மூளைக்காய்ச்சலால் இறந்தான். வைத்தியரிடம் போவதில் ஏற்பட்ட தாமதமே காரணம் என்று அந்தத் தாய் வாழ்நாள் முழுவதும் சொன்னார். குழந்தைகளுக்காக ஓர் அமைப்பை 1983இல் தொடங்கினார். அந்த அமைப்பின் வழக்கில் 1996இல் மினசோட்டாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் சலுகையைச் செல்லாததாக்கியது. அடுத்த ஆண்டே காங்கிரஸ் புதுச் சட்டம் இயற்றியது. திருச்சபையின் பெயர் நீக்கப்பட்டு, 'மருத்துவமல்லாத மதப் பராமரிப்பு நிலையம்' என்ற பொதுச்சொல் புகுந்தது. பெயர் மாறியதே தவிர உள்ளே இருந்தவர்கள் மாறவில்லை என்று எதிர்த்தரப்பு மீண்டும் வழக்காடியது. 2000ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம், மூவரில் ஒருவர் மாறுபட, புதுச் சட்டம் செல்லும் என்றது. 2001இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது.

அச்சட்டத்தில் என்னை நிறுத்தி வைத்தவை அதன் நிபந்தனைகள். நோயாளி தம் மனச்சாட்சிப்படி மருத்துவத்தை ஏற்பதில்லை என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். பின்னர் தாமாக விரும்பி வைத்தியசாலைக்குப் போய் அதே காப்புறுதியில் மருத்துவம் பெற்றால் அந்தப் பத்திரம் இரத்தாகும். இப்படி இரண்டு தடவை இரத்தானால் மறுபடி கையொப்பமிட ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும், இன்னுமொரு தடவை இரத்தானால் ஐந்தாண்டு. நிலையமோ இருபத்துநான்கு மணி நேரமும் பராமரிப்பு அளிக்கக் கடமைப்பட்டது. அரசு விதித்த தரங்களுக்கு உட்பட்டது. மருந்து இல்லாத இடத்துக்குள்ளும் அரசின் கண் போகிறது. பணம் கொடுப்பவன் கதவைத் திறந்து பார்க்கும் உரிமையையும் பெற்றுவிடுகிறான் அல்லவா?

கதவைத் திறந்து பார்க்க யாருமில்லாவிட்டால் என்னாகும் என்பதற்கு நெடுந்தூரம் போக வேண்டாம். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்ஹாவைச் சுற்றி, மனநோயாளரை வைத்திருக்கும் தனியார் காப்பகங்கள் பல முளைத்திருந்தன. உறவினர் பணம் கட்டுவர். காப்பகத்தார் சங்கிலியால் பிணைத்து வைப்பர். 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி அதிகாலையில் அவற்றுள் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. அப்போது நான் செய்தி ஆசிரியர் மேசையில் இருந்தேன். அந்தச் செய்திக்குத் தலைப்பிட முடியாமல் நெடுநேரம் இருந்தது நினைவிருக்கிறது. சில நாட்களுக்குள் தமிழக அரசு அக்காப்பகங்களை மூடி நூற்றுக்கணக்கானோரை மீட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. பிற்பாடு வந்த வழி வேறு. குஜராத்தில் உனாவா மீரா தாதார் தர்ஹாவில் 2008இல் தொடங்கிய 'தவா, துஆ' திட்டம் தர்ஹா வளாகத்திலேயே மனநல மருத்துவரை உட்கார வைத்தது. முஜாவிர் ஓதுவார், ஓதிய பின் பக்கத்து அறைக்கு அனுப்புவார். ஏர்வாடியிலும் தமிழக அரசு அதே முறையைக் கொண்டுவந்தது.

குட்டி மாமாவையும் எங்கள் குடும்பம் ஒரு நாள் தலைமன்னாரில் கப்பலேற்றியது. போன இடம் ஏர்வாடியன்று. வேறோர் இடம், பெயர் சொல்ல விரும்பவில்லை. ஆறு மாதத்தின் பின் திரும்பினார். கணுக்கால் இரண்டிலும் கறுத்த வளையங்கள். அதற்குப் பிறகு அவர் கடற்கரைக்கே போகவில்லை. யார் கையையும் பிடிக்கவும் விடவில்லை.

அமெரிக்கர் செய்தது போல இங்கே செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு, முடியாது என்பதே என் பதில். மருந்தை மறுக்கிறேன் என்று கையொப்பமிட எங்கள் ஊரில் ஒருவர்கூட அகப்படமாட்டார். கிளினிக் துண்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நேர்ச்சைக்கு வருவார்கள். ஓதிய தண்ணீரில் மாத்திரையை விழுங்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒன்றா மற்றதா என்ற கேள்வி பொஸ்டனுக்குப் பொருந்தும், கல்முனைக்குப் பொருந்தாது. உனாவாவின் வழிதான் எங்கள் சனங்களின் வழக்கத்துக்கு நெருக்கம்.

அதற்காக அரசு பள்ளிவாசல் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்றும் சொல்வதற்கில்லை. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டப்படி நம்பிக்கையாளர்கள் வரவுசெலவைச் சபைக்குக் காட்ட வேண்டும். உண்டியலில் விழுந்த ஒவ்வொரு ரூபாவுக்கும் கணக்குண்டு. நாடெங்கிலும் பள்ளிகளிலும் கோயில்களிலும் விகாரைகளிலும் மண்டபத்துத் தூணோரம் படுத்திருக்கும் நோயாளி யார், எத்தனை நாளாக இருக்கிறார், சாப்பிட்டாரா, காலில் கட்டுண்டா என்று எழுத அந்தக் கணக்குப் புத்தகத்தில் இடமில்லை. 2005இல் அமைச்சரவை ஏற்ற மனநலக் கொள்கை, அங்கொடையை மட்டும் நம்பியிராமல் மாவட்டந்தோறும் சேவை வேண்டும் என்றது. அது பெரிய மாற்றமே. சுனாமி ஏறத்தாழ பத்தாயிரம் பேரைக் கொண்டுபோன அம்பாறைக் கரைக்கு அதன் அருமை தெரியும். ஆயினும் வைத்தியசாலை வாசலில் தொடங்கி அங்கேயே முடியும் கொள்கை அது. தங்கள் ஊர்த் தலத்து மண்டபத்தில் வாரத்தில் ஒரு நாள் ஒரு மனநல உத்தியோகத்தரை உட்காரச் செய்யச் சுகாதாரப் பணிமனையிடம் கேட்பது நம்பிக்கையாளர் சபைகளால் ஆகாத காரியமா? பெரிய நிதி எதுவும் அதற்குத் தேவைப்படாது.

படிவத்தில் வைத்தியசாலையின் பெயர் எழுதும் இடத்தை நிரப்பிவிட்டு மருமகள் நிமிர்ந்தாள். நான் சொல்லிக்கொண்டிருந்த கிழவியின் பெயரென்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஊரில் எல்லோரும் கச்சான் உம்மா என்றே அழைத்தார்கள். அவளுக்கு ஏதும் கொடுத்தீர்களா என்று அடுத்த கேள்வி. கொடுத்தோம். பெருநாளுக்குப் பெருநாள் ஒரு சேலையும் இரண்டு கொத்து அரிசியும்.