ஆகாயத்தாமரையா, வெங்காயத்தாமரையா?

"ஏரி முழுக்க ஆகாயத்தாமரை" என்று பேப்பரில் போடுகிறார்கள். படத்தைப் பார்த்தால் பெரும்பாலும் வெங்காயத்தாமரையாக இருக்கும். ரெண்டும் வேற வேற செடிங்க.

ஆகாயத்தாமரைக்குத் தண்டே தெரியாது. வெளிர்பச்சை இலைகள் வெல்வெட் மாதிரி, ரோஜாப்பூ விரிந்தாற்போல அடுக்காக இருக்கும். பூ கண்ணுக்குத் தட்டுப்படாது. சித்த வைத்தியத்தில் மருந்தென்று சொல்வது இதைத்தான். வெங்காயத்தாமரைக்கு இலை பளபளன்னு இருக்கும். காம்பு வெங்காயம் போல உப்பியிருக்கும். கிள்ளினால் உள்ளே பஞ்சு. நெருக்கமாக வளர்ந்தால் காம்பு உப்பாமல் நீண்டுவிடும். அப்போ பூவைப் பாருங்க: ஊதா நிறத்தில் கொத்தாக, மேல் இதழில் மஞ்சள் பொட்டு.

அந்தப் பூதான் வினையே. தென் அமெரிக்காவில் அமேசான் பக்கத்துச் செடி இது. அழகுக்காக 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்குக் கொண்டுவந்தார்கள். கொஞ்ச காலத்தில் கிழக்கு வங்காளத்து ஆறுகளில் படகு போக வழியில்லை. வெள்ளத்தோடு மிதந்து வந்து நெல் வயலை மூடியது. முதல் உலகப் போர் சமயம், இது ஜெர்மன்காரன் செய்த வேலை என்று புரளி கிளம்பி, 'ஜெர்மன் பானா' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

இலங்கையில் 1909-லேயே இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. பர்மாவில் 1917-ல் வந்தது. வங்காளத்தில் 1921-ல் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் தலைமையில் குழு போட்டார்கள். சட்டம் வந்ததோ 1936-ல். 1937 தேர்தலில் கட்சிகள் இந்தச் செடியை ஒழிப்போம் என்று வாக்குறுதியே கொடுத்தன. ஜெயித்து வந்த ஃபஸ்லுல் ஹக் அரசு ஜனங்களைத் திரட்டி, கையாலேயே வாரி எடுக்க வைத்தது. கையளவு இருந்தபோது விட்டதற்கு ஒரு மாகாணமே தண்ணியில் இறங்க வேண்டியதாயிற்று.

எங்க கண்ணமங்கலம் மாதிரி ஏரிப் பாசனத்தை நம்பின ஊருக்கு இந்தக் கதை தூரத்துக் கதை இல்லை. ரெண்டு வாரத்தில் ஒன்று ரெண்டாகிற செடி மதகில் சிக்கினால் கடைமடைக்குத் தண்ணி ஏறாது. மேலே மூடிக்கொண்டால் தண்ணிக்குள் வெயில் இறங்காது, காற்று கலக்காது. மீன் செத்து மிதக்கும். செடியை வாரிவிட்டாலும் சேற்றில் விழுந்த விதை பதினைந்து இருபது வருஷம் காத்திருந்து முளைக்கும். சாக்கடை கலந்த தண்ணி அதுக்கு உரம் போட்ட வயல் மாதிரி. கூவத்திலும் அடையாற்றிலும் மிஷின் விட்டு வாரினாலும் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

பட்டணத்தில் மாடித் தொட்டியில் இந்தப் பூவை வளர்க்கிறவங்க இருக்கீங்க. தொட்டி நிறைஞ்சா மிச்சத்தை ஏரியிலோ கால்வாயிலோ போட்டுடாதீங்க. பூத்து விதை வைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்து, வெயிலில் நல்லா காயவைத்து மக்கவிடுங்க. வங்காளத்துக்கும் அது அழகுப் பூவாகத்தான் வந்தது.