சைமன்: அரைக்கிலோ எடையுள்ள ஒரு முதல் முயற்சி



சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் புத்தாக்கப் போட்டிக்கான தேர்வு நடைபெற்றது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், பள்ளித் தோட்டத்து மண் காய்ந்துவிட்டால் ஒலியெழுப்பும் சிறு கருவி ஒன்றைச் செய்து கொண்டுவந்திருந்தான். காலையில் அது நன்றாகவே ஒலித்தது. தேர்வின்போது மேசைமீது வைத்தான்; ஒலிக்கவில்லை. மின்கலம் தீர்ந்துபோயிருந்தது. அவனுடைய குறிப்பேட்டில், "மின்கலம் நீடிக்கவில்லை. பெட்டி மிகப் பெரிது. போட்டிக்கு ஏற்றதன்று" எனச் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

பெற்றோர் சந்திப்பு நாளன்று அவனுடைய தாயார் அந்தப் பக்கத்தைத் திறந்து என்முன் வைத்தார். "ஐயா, அவன் செஞ்சதுல நல்லதுன்னு ஒண்ணுமே இல்லீங்களா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். என்னிடம் அப்போது பதில் இல்லை. நான் எழுதியதில் பொய் ஒன்றுமில்லை; ஆயினும் ஏதோ விடுபட்டிருந்தது.

சில வாரங்கள் கழித்து, தொலைபேசியின் வரலாற்றை வகுப்பில் சொல்வதற்காகப் படங்களைத் திரட்டினேன். அவற்றுள் ஒரு கருவியின் படத்தைக் கண்டதும் மாணவர்கள், "ஐயா, செங்கல்!" என்று சிரித்தனர். அந்தச் செங்கல்லின் பெயர் சைமன். அதன் கதையைப் படித்த பிறகே, அந்தத் தாயாருக்கு என்ன விடை சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கிற்று.

சைமன் பிறந்த கதை

1992ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் கோம்டெக்ஸ் என்னும் கணினிக் கண்காட்சி நடைபெற்றது. அங்கே ஐ.பி.எம். நிறுவனம் ஒரு மாதிரிக் கருவியைக் காட்சிக்கு வைத்தது. கையடக்கக் கணினியையும் கைப்பேசியையும் ஒரே உடலில் இணைத்த கருவி அது. அதன் பின்னணியில் இருந்தவர் ஃபிராங்க் கனோவா என்னும் பொறியியலாளர். அவர் பணியாற்றியது ஃபுளோரிடா மாநிலத்தின் போக்கா ரேட்டன் என்னும் ஊரில். 1981இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய ஐ.பி.எம். தனிநபர் கணினி உருவானதும் அதே ஊரில்தான்.

மாதிரிக் கருவி விற்பனைப் பொருளாக மாற ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. ஐ.பி.எம். வடிவமைத்தது, ஜப்பானின் மிட்சுபிஷி எலக்ட்ரிக் நிறுவனம் தயாரித்தது, பெல்சவுத் என்னும் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் விற்றது. 1994 ஆகஸ்டு 16ஆம் நாள் சைமன் கடைக்கு வந்தது. திறன்பேசி என்று நாம் இன்று வழங்கும் பெயர் அன்று புழக்கத்தில் இல்லை. 'தனிநபர் தொடர்புக் கருவி' என்னும் பொருள்படும் பெயரிலேயே அதனை விற்றார்கள்.

யாருக்காக அதனைச் செய்தார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1994இல் ஒரு வணிகர் வெளியூர் சென்றால் கைப்பேசி, அகவி, நாட்குறிப்பு, முகவரிப் புத்தகம், கணிப்பான் அனைத்தையும் பையில் சுமந்து செல்வார். தொலைநகல் அனுப்ப வேண்டுமாயின் தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையை நாட வேண்டும். அந்தப் பை முழுவதையும் ஒரே கருவிக்குள் அடக்குவதே சைமனின் நோக்கம்.

அப்போது நான் இடைநிலைப்பள்ளி மாணவன். எங்கள் தோட்டத்தில் கடைவரிசை அருகே ஒரே ஒரு பொதுத் தொலைபேசி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துக் காசு நாணயங்களைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்போம். அதே நாள்களில் உலகின் மறுகோடியில் ஒருவர் காரில் அமர்ந்தபடியே தொலைநகல் அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

நிறைகள்

முதலாவது, தொடுதிரை. சைமனில் எண்களுக்கான பொத்தான்கள் கிடையா. திரையில் தோன்றும் எண்களை விரலாலோ சிறு எழுதுகோலாலோ தொட்டு அழைக்க வேண்டும். கைப்பேசி என்றாலே பொத்தான்கள் என்றிருந்த காலத்தில் இது துணிச்சலான முடிவு.

இரண்டாவது, பல பணிகள். குரல் அழைப்போடு மின்னஞ்சலும் தொலைநகலும் அனுப்பலாம், பெறலாம். முகவரிப் புத்தகம், நாட்காட்டி, சந்திப்புப் பட்டியல், உலக நேரம், கணிப்பான், குறிப்பேடு ஆகியன அதனுள் இருந்தன. எழுதுகோலால் திரையில் வரையவும் முடிந்தது. பொழுதுபோக்க ஒரு விளையாட்டும் உண்டு.

மூன்றாவது, எழுத்து உள்ளீடு. விசைப்பலகை திரையிலேயே தோன்றியது. அத்துடன், அடுத்து வரக்கூடிய எழுத்துகளை ஊகித்து முன்வைக்கும் முறையும் இருந்தது. இன்று நம் பிள்ளைகள் ஒரு சொல்லைத் தொடங்கியவுடன் கைப்பேசி மீதியை நீட்டுகிறதே, அவ்வழக்கத்தின் பழைய உருவம் அது.

நான்காவது, விரிவாக்கம். கூடுதல் நினைவகத்திற்கோ புதிய மென்பொருளுக்கோ அட்டை செருக ஓர் இடம் வைத்திருந்தார்கள். சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் இணைக்கும் வசதியும் இருந்தது. கைப்பேசிக் கட்டணம் மிகுந்திருந்த அந்நாளில் இது பயனுள்ள ஏற்பாடு.

குறைகள்

இனி, சிவப்பு மையால் எழுத வேண்டிய பக்கம்.

எடை ஏறத்தாழ 510 கிராம். நீளம் 8 அங்குலம், அகலம் 2.5 அங்குலம், தடிமன் 1.5 அங்குலம். அரைக்கிலோ சீனிப் பொட்டலம் ஒன்றைக் காதோரம் வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். செங்கல் என்று மாணவர்கள் சொன்னதில் தவறில்லை.

மின்கலம் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேச்சுக்குத்தான் தாங்கியது. கருவியோடு இரண்டு மின்கலங்களைக் கொடுத்தார்கள். ஒன்று தீர்ந்துவிடும் என்பது செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது போலும்.

திரையில் ஒரே நிறம். குறுக்கே 160 புள்ளிகள், நெடுக்கே 293 புள்ளிகள். தொலைநகல் தாளின் ஒரு வரியிலோ 1,728 புள்ளிகள் உண்டு. பத்து மடங்கு அகலமான ஒன்றை அந்தத் திரையில் படிப்பது, சாவித்துளை வழியே செய்தித்தாள் படிப்பதற்கு ஒப்பாகும். நினைவகம் ஒரு மெகாபைட்டு. இணையத்தளங்களைப் பார்க்கும் வசதி கிடையாது.

விலை, ஈராண்டு ஒப்பந்தத்துடன் 899 அமெரிக்க வெள்ளி. ஒப்பந்தம் இல்லையெனில் 1,099 வெள்ளி. 899 வெள்ளி என்பது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2,300 ரிங்கிட். அமெரிக்காவிலும் எல்லா இடங்களிலும் கிடைக்கவில்லை. பெல்சவுத்தின் சேவை எட்டிய 15 மாநிலங்களில் மட்டுமே விற்றார்கள். போதாக்குறைக்கு, அது இயங்கியது பழைய ஒப்புமை அலைவரிசையில். ஐரோப்பாவிலோ 1991இலேயே ஜி.எஸ்.எம். என்னும் எண்ணிமச் சேவை தொடங்கிவிட்டது.

ஆறே மாதங்கள்

விலையைப் பின்னர் 599 வெள்ளிக்குக் குறைத்தும் பார்த்தார்கள். ஏறத்தாழ 50,000 கருவிகள் விற்றன. 1995 பிப்ரவரியில் விற்பனை நின்றது. ஐ.பி.எம். நிறுவனமும் அக்காலத்தில் நெருக்கடியில் இருந்தது. 1993இல் அதன் இழப்பு 800 கோடி வெள்ளியைத் தாண்டியது. பணியாளர்கள் பலர் நீக்கப்பட்டனர். சைமனுக்குத் தம்பி பிறக்கவில்லை.

மக்கள் எதை விரும்பினார்கள் என்பதை அடுத்த ஆண்டே காணலாம். 1996 சனவரியில் மோட்டோரோலா நிறுவனம் மடிக்கக்கூடிய ஸ்டார்டாக் கைப்பேசியை அறிமுகப்படுத்தியது. அதன் எடை 88 கிராம். பேசுவதற்கும் சட்டைப்பையில் இடுவதற்கும் அது போதுமானதாக இருந்தது. அதே 1996இல் நோக்கியா 9000 என்னும் வணிகர் கைப்பேசி வந்தது. திறந்தால் உள்ளே முழு விசைப்பலகை; இணையமும் பார்க்கலாம்; எடை 397 கிராம். சைமனின் கனவை அது வேறு வழியில் தொடர்ந்தது. தொடுதிரைக் கைப்பேசி பெருந்திரளான மக்களைச் சென்றடைந்ததோ 2007இல் ஐபோன் வந்த பிறகுதான். அதன் எடை 135 கிராம். இடையில் ஓடியவை 13 ஆண்டுகள்.

சைமனைப் பார்த்துத்தான் பிறர் எல்லாவற்றையும் செய்தனர் என்று நான் சொல்ல வரவில்லை. நடந்தது இதுதான்: எண்ணம் முன்னதாக வந்துவிட்டது, அதனைத் தாங்கும் பொருள்கள் பின்னர் வந்தன.

குறைகளை வகை பிரித்தல்

சைமனின் குறைகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அவை ஒவ்வொன்றும் யாருடைய குறை என்று மாணவர்களைக் கேட்டேன். பேசப் பேச, அவை மூன்று வகையாகப் பிரிந்தன.

முதல் வகை, காலத்தின் குறை. இன்றைய கைப்பேசிகளில் உள்ள லித்தியம் அயனி மின்கலத்தைச் சோனி நிறுவனம் 1991இல்தான் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1994இல் அது புதிது, விலையும் அதிகம். சைமனில் இருந்தது நிக்கல் காட்மியம் மின்கலம். அதுபோலவே, உலகளாவிய வலையைப் பொதுமக்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் ஆய்வுக்கூடம் அறிவித்தது 1993 ஏப்ரலில்தான். 1994இன் கருவியில் இணைய உலாவி இல்லையென்று குறை சொல்வது, மழைக்கு முன்பே நாற்று ஏன் நடவில்லை என்று கேட்பது போன்றது.

இரண்டாம் வகை, செய்தவர்களின் குறை. உயர்ந்த விலை, குறுகிய விற்பனைப் பரப்பு, மென்பொருள் எழுதும் வெளியாரைப் போதிய அளவு ஈர்க்காதது ஆகியவை மனிதர்கள் எடுத்த முடிவுகள். வேறு விதமாகவும் முடிவெடுத்திருக்கலாம். இவற்றை மன்னிக்க வேண்டியதில்லை. 899 வெள்ளி கொடுத்து வாங்கியவரின் கருவி பேச்சின் நடுவே அணைந்துபோனால், 'உன் கருவி வரலாறு படைக்கும்' என்பது அவருக்கு ஆறுதலாகாது.

மூன்றாம் வகை, குறையாகத் தோன்றிய நிறை. பொத்தான் இல்லாத முகமும், காதை விடப் பெரிய உடலும் அன்று விந்தையாகத் தெரிந்தன. இன்று பள்ளி வாசலில் காத்திருக்கும் பெற்றோர் ஒவ்வொருவர் கையிலும் இருப்பது பொத்தான் இல்லாத பெரிய திரைதான்.

சைமனின் ஒரு பிரதி 2014 அக்டோபர் முதல் இலண்டன் அறிவியல் அரும்பொருளகத்தின் தகவல் யுகக் காட்சிக்கூடத்தில் இடம்பெற்றது. இன்று அதற்கு மின்னூட்டினாலும் அழைக்க முடியாது. அமெரிக்க நிறுவனங்கள் ஒப்புமைச் சேவையை நடத்தியே ஆக வேண்டும் என்ற விதி 2008 பிப்ரவரியில் நீங்கியது. அதன்பின் அச்சேவையும் மறைந்தது.

மீண்டும் அந்தக் குறிப்பேடு

பாடம் முடிந்ததும் அந்த மாணவனிடம் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினேன். பழைய வரிகளை அடிக்கவில்லை, அவை உண்மை. அடுத்த பக்கத்தில் மூன்று கட்டங்கள் வரைந்தேன். முதல் கட்டத்தில், "மண்ணின் ஈரத்தை ஒலியாக மாற்றலாம் என்று நீயே எண்ணியது, கம்பிகளைப் பிழையின்றி இணைத்தது" என எழுதினேன். இரண்டாவதில், "நீ திருத்தக்கூடியது: பெட்டியின் அளவு, தேர்வுக்கு முன் மின்கலத்தைச் சோதிப்பது". மூன்றாவதில், "உன் கையில் இப்போது இல்லாதது: நீடித்து உழைக்கும் விலையுயர்ந்த மின்கலம்".

அவன் நெடுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்தான். பிறகு மூன்றாம் கட்டத்தில் விரலை வைத்து, "ஐயா, இது ரெண்டாவது கட்டத்துல வரணும். கருவி எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கத் தேவையில்ல. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ மண்ணைப் பார்த்தா போதும். மின்கலம் தாங்கும்" என்றான்.

நான் அவன் கைக்கு எட்டாதது என்று ஒதுக்கியதை அவன் தனக்கு எட்டும் இடத்திற்கு நகர்த்திவிட்டான். வகை பிரிப்பதிலும் ஆசிரியர் தவறலாம். ஆகவே பிரித்த பட்டியலைப் பிள்ளையிடம் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் குறிப்பேட்டில் குறை மட்டும் எழுதப்பட்டிருந்தால், அந்தத் தாயார் என்னிடம் கேட்டதுபோல் ஆசிரியரிடம் கேளுங்கள். நாங்கள் தவறாக எண்ண மாட்டோம். நிறை மட்டும் எழுதப்பட்டிருந்தாலும் கேளுங்கள். அதுவும் பாதிப் பக்கம்தான்.

இவ்வாண்டுத் தேர்வுக்கு அவன் மீண்டும் பெயர் கொடுத்திருக்கிறான். பெட்டி இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்