காட்டுப் பழங்களில் என்ன இருக்கிறது? வீட்டிலேயே அறியும் வழிகள்

நாவல் பழத்தின் தோலை நசுக்கிச் சாறெடுத்து, இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பு கூடும். மற்றதில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் நீலமாகவோ பச்சையாகவோ மாறும். இப்படி மாறினால் அந்த நிறமி ஆந்தோசயனின்.

சப்பாத்திக்கள்ளிப் பழச் சாறும் பார்வைக்கு ஏறத்தாழ அதே நிறம்தான். ஆனால் சோடா போட்டாலும் நீலமாகாது. அதில் உள்ளது பீட்ரூட்டில் இருக்கும் பீட்டாலைன். (நுண்முட்களை முதலில் நெருப்பில் வாட்டி நீக்கிவிடுங்கள், விரலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.)

காட்டு நெல்லியை இரும்புக் கத்தியால் நறுக்கினால் வெட்டிய இடம் கறுக்கும். துவர்ப்பு தரும் டானின் இரும்போடு சேர்வதே காரணம். எவர்சில்வர் கத்தியில் இது தெரியாது.

இந்தச் சோதனைகள் எதுவும் நஞ்சைக் காட்டாது. மணத்தக்காளியின் பச்சைக் காயில் சோலனின் போன்ற நச்சுப் பொருட்கள் உண்டு. பழுக்கும்போது அவை குறையும். குழந்தைகள் பச்சைக் காயைப் பறித்துத் தின்ன விடாதீர்கள். உண்ணிச்செடியின் காயும் ஆபத்தானது. குருவி தின்கிறதே என்று நம்ப வேண்டாம். பெயர் தெரியாத பழத்தை ருசி பார்த்து அறிய முயலவே கூடாது.

ஜூஸ், ஜாம் செய்து விற்பவர்கள் நிறத்தை மட்டும் பார்த்து லேபிளில் சத்தின் அளவை எழுத முடியாது. அதற்கு ஆய்வகப் பரிசோதனை தேவை. பழத்தோடு இலை, பூ உள்ள ஒரு சிறு கிளையையும் கொண்டு செல்லுங்கள். செடி எதுவென்று உறுதியானால்தான் எந்தப் பரிசோதனை செய்வது என்று முடிவு செய்ய முடியும்.