ரொபோ புரோகிராமில் வரும் அந்த 0.02



நம்ம ஊர்ப் பிள்ளைகள் இப்போது இரண்டு சில்லில் விழாமல் நிற்கும் ரொபோ செய்கிறார்கள், மாஷா அல்லாஹ். அதன் புரோகிராமில் 0.98, 0.02 என்று இரண்டு எண்கள் வரும். ஏன் என்று நாங்கள் கேட்டால், "யூடியூபில் அப்படித்தான் சேர் இருந்தது" என்பதுதான் பதில். கண்காட்சியில் பரிசு கிடைத்துவிடும், ஆனால் விளக்கம் கிடைக்காது. அந்த எண்களுக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

1851இல் பாரிஸில் லியோன் பூக்கோ பெரிய ஊசலொன்றைத் தொங்கவிட்டு, பூமி சுழல்வதைக் காட்டினார். அடுத்த வருடம் அதையே வேறு விதமாகச் செய்தார். வளையங்களுக்குள் வேகமாகச் சுழலும் சில்லு தன் திசையை விடாது, பூமிதான் அதன் கீழே திரும்பும். அந்தச் சிறு அசைவை நுணுக்குக்காட்டியால் பார்த்தார். ஜைரோஸ்கோப் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். (இதுபோன்ற கருவியை ஜேர்மனியில் போனன்பெர்கர் முன்னரே செய்திருந்தார்.) ஆனால் உராய்வினால் சில நிமிடங்களில் சில்லு தளர்ந்துவிடும்.

1944இல் ஜேர்மனியரின் வீ-2 ரொக்கெட்டை வழிநடத்தியதும் ஜைரோஸ்கோப்பும் ஆர்முடுகல்மானியும்தான். செப்டெம்பர் 8ஆம் திகதி முதல் ரொக்கெட் விழுந்தது, பூக்கோவின் பாரிஸின் புறநகரில். அதைச் செய்யும் வேலையில் வதைமுகாம் கைதிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

சந்திரனுக்குப் போன அப்பலோவிலும் ஜைரோஸ்கோப் இருந்தது. எவ்வளவு திறமாகச் செய்தாலும் அது மெல்ல மெல்ல நழுவும். அதனால் விண்வெளி வீரர்கள் இடைக்கிடை நட்சத்திரங்களைக் குறிபார்த்து அதைத் திருத்தினார்கள். பிழையுள்ள இரண்டு தகவல்களை எந்தளவில் கலப்பது என்பதற்கு ருடோல்ப் கல்மன் 1960இல் வெளியிட்ட கணித முறையை நாசா அந்தப் பயணங்களுக்கு எடுத்துக்கொண்டது.

பிறகு கருவி சுருங்கியது. 1990களில் காரின் காற்றுப்பைக்காக சிலிக்கன் ஆர்முடுகல்மானி வந்தது. 2006இல் நின்டெண்டோ வீ விளையாட்டின் கைப்பிடிக்குள்ளும் அது புகுந்தது. ஆனால் கை திரும்புவதை அது சரியாகப் பிடிக்கவில்லை. 2009இல் ஜைரோவைத் தனித்துண்டாகச் சேர்க்க வேண்டியதாயிற்று.

இப்போது பிள்ளைகள் ஆர்டுயினோவோடு இணைக்கும் எம்பியூ-6050 சிப்பில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. மேசையில் அசையாமல் வைத்து ஆர்முடுகலை வாசித்தால், மேல்நோக்கிய அச்சில் ஏறத்தாழ 16384 வரும். அதுதான் புவியீர்ப்பு. கீழ்த்திசை எது என்று அதற்கு எப்போதும் தெரியும், ஆனால் மோட்டர் அதிர்ந்தால் குழம்பிவிடும். ஜைரோ அதிர்வுக்கு அவ்வளவு அசையாது. ஆனால் சும்மா வைத்தாலும் பூச்சியம் காட்டாது. அந்தச் சிறு பிழையைக் கூட்டிக்கொண்டே போனால், நிமிர்ந்து நிற்கும் ரொபோ தான் சாய்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு கணமும் ஜைரோவை 98 வீதம் நம்பி, 2 வீதம் புவியீர்ப்பிடம் கேட்டுத் திருத்துகிறோம். அப்பலோவுக்கு நட்சத்திரம் செய்த வேலையை ரொபோவுக்கு அந்த 0.02 செய்கிறது.

ஆனால் கிடையாகத் திரும்பினால் புவியீர்ப்பு உதவாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் கீழ்த்திசை ஒன்றுதானே. கிப்லா காட்டும் செயலிக்குத் தொலைபேசியில் காந்த சென்சரும் தேவைப்படுவது இதனால்தான்.