பூவுக்கும் ஒரு மாசம் உண்டு

2024-ல் சரஸ்வதி பூஜையும் காதலர் தினமும் ஒரே நாளில், பிப்ரவரி 14 அன்று வந்தன. கொல்கத்தாக்காரர்களுக்கு இது பெரிய அதிசயம் இல்லை. சரஸ்வதி பூஜைதான் இங்கே இளவட்டங்களுக்கு நிஜமான காதலர் தினம். மஞ்சள் சேலையும் குர்தாவுமாக ஜோடி ஜோடியாகச் சுற்றுவார்கள். எனக்கு வேடிக்கையாக இருந்தது அன்றைக்கு விற்ற பூக்கள்தான்.

பூஜைக்கு வேண்டியது பலாசப் பூ. (நம் ஊர் புரச மரம்தான் இது. சென்னையில் புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த மரம் என்று சொல்வார்கள்.) கூடவே மஞ்சள் செண்டுமல்லி. தென்மாவட்டக்காரர்களுக்குக் கேந்தி என்றால் புரியும். இரண்டுமே அந்த மாதம் இந்த மண்ணில் பூப்பவை. காதலர் தினத்துக்கு வேண்டியதோ நீளக் காம்பு சிவப்பு ரோஜா. பெங்களூர், ஓசூர், புனே பக்கம் பாலிஹவுசில் வளர்ந்து, பெட்டியில் அடைபட்டு வருவது. முதல் பூவுக்குப் பருவம் இருக்கிறது. இரண்டாவதற்குத் தேதி மட்டும் இருக்கிறது.

எந்தப் பூவும் எந்த நாளிலும் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் ரொம்பப் பழையது இல்லை. இப்போது மேல்நாட்டில் "உள்ளூரில் விளைந்த பூவை, அதன் பருவத்தில் வாங்குங்கள்" என்று ஓர் இயக்கமே நடக்கிறது. அதில் எவ்வளவு உண்மை, அது நமக்கு எவ்வளவு பொருந்தும் என்று பார்க்க, பூ தன் பருவத்தை எப்படித் தொலைத்தது என்ற கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பறித்த பூவுக்கு ஆயுள் சில நாட்கள்தான். அதனால் வெகுகாலம் ஊருக்குப் பூ ஊரின் ஓரத்திலிருந்துதான் வந்தது. இதை முதலில் மாற்றியது ரயில். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் இருக்கின்றன சில்லித் தீவுகள். அங்கே குளிர் குறைவு. லண்டனில் எல்லாம் உறைந்து கிடக்கும்போதே அங்கே நார்சிசஸ் பூத்துவிடும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தப் பூக்களைக் கப்பலில் பென்சான்ஸுக்கும், அங்கிருந்து ரயிலில் லண்டன் கோவென்ட் கார்டன் சந்தைக்கும் அனுப்பத் தொடங்கினார்கள். லண்டனுக்கு வசந்தம் சில வாரம் முன்னதாக வந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பூவை வளர்த்தது அப்போதும் வெயில்தான். ரயில் சுமந்து வந்ததோடு சரி.

அடுத்த படி ஹாலந்தில். ஆம்ஸ்டர்டாம் பக்கத்தில் ஆல்ஸ்மேர் என்ற ஊரில் 1911-12 வாக்கில் விவசாயிகள் சேர்ந்து பூ ஏலம் தொடங்கினார்கள். நாம் பார்த்த ஏலத்தில் விலை ஏறும். அங்கே கடிகாரம் போன்ற வட்டத்தில் முள் உச்ச விலையில் ஆரம்பித்துக் கீழே இறங்கும். முதலில் பொத்தானை அழுத்துகிறவருக்குப் பூ. சில நொடிகளில் ஒரு பேரம் முடிந்துவிடும். வாடும் சரக்குக்கு இதைவிடப் பொருத்தமான சந்தை கிடையாது என்பது என் கருத்து. பிறகு 1959-ல் ஹாலந்தின் குரோனிங்கனில் பிரம்மாண்டமான எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. சல்லிசான வாயுவைக் கொண்டு கண்ணாடி வீடுகளைச் சூடாக்கி, ஜனவரியிலும் ரோஜா பூக்க வைத்தார்கள். வெயிலின் வேலையை அடுப்பு பெரிய அளவில் எடுத்துக்கொண்டது அப்போதுதான்.

அதே காலத்தில் இன்னொரு பக்கம் அமெரிக்கா. 1967-ல் கொலராடோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டேவிட் சீவர் என்ற மாணவர் ஒரு கட்டுரை எழுதினார். உலகச் சந்தைக்குப் பூ ஏற்றுமதி செய்ய கொலம்பியாவின் போகோட்டா நகரம் பொருத்தமான இடமா என்பது தலைப்பு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், சுமார் 2,600 மீட்டர் உயரம், வருஷம் முழுக்க ஏறக்குறைய 12 மணி நேரப் பகல், கொதிக்காத வெயில், குறைந்த கூலி, சில மணி நேர விமானப் பயணத்தில் மயாமி. கட்டுரையோடு விடாமல், 1969-ல் மூன்று நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஃப்ளோரமெரிக்கா என்ற கம்பெனியைத் தொடங்கிவிட்டார். கோகா பயிரிலிருந்து விவசாயிகளைத் திருப்ப வேண்டும் என்று 1991-ல் அமெரிக்கா கொலம்பியப் பூக்களுக்கு இறக்குமதி வரியை நீக்கியது. அதன் பலனை எண்ணில் பாருங்கள். ரோஜா, கார்னேஷன், சாமந்தி போன்ற முக்கியப் பூக்களில் அமெரிக்கா 1971-ல் 120 கோடி விளைவித்து, 10 கோடி இறக்குமதி செய்தது. 2003-ல் இறக்குமதி 200 கோடி, உள்நாட்டு விளைச்சல் 20 கோடி. முப்பத்திரண்டே வருஷத்தில் பேரேடு தலைகீழாகிவிட்டது. கார்னேஷனுக்குப் பேர்போன கொலராடோ விவசாயிகளைக் கவிழ்த்ததில், அதே கொலராடோவில் படித்த மாணவரின் கட்டுரைக்கும் பங்கு உண்டு!

நடுவில் இன்னொரு சின்னப் பொருளும் வந்தது. 1954-ல் ஒஹையோ மாநிலத்தில் வெர்னன் ஸ்மித்தர்ஸ் என்பவர் கண்டுபிடித்த பச்சை நிற ஸ்பாஞ்ச். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, குத்திய பூவை வாடாமல் வைத்திருக்கும். கல்யாண மேடைகளிலும் பூங்கொத்துகளிலும் பார்த்திருப்பீர்கள். அது ஒரு வகைப் பிளாஸ்டிக். மக்காது, தூளாக உதிரும். பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் தன் மலர்க் கண்காட்சிகளில் 2021 முதல் இதற்குத் தடை போட்டது.

இவ்வளவு படித்ததும் "அப்படியானால் தூரத்துப் பூ கெட்டது, பக்கத்துப் பூ நல்லது" என்று தீர்ப்பு எழுதத் தோன்றும். அங்கேதான் கணக்கு இடிக்கிறது. 2007-ல் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு செய்தது. பிரிட்டனில் விற்கும் 12,000 ரோஜாவுக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்று பார்த்தார்கள். கென்யாவிலிருந்து விமானத்தில் வந்தவற்றுக்குச் சுமார் 6,000 கிலோ. பக்கத்து நாடான ஹாலந்தில் வளர்ந்தவற்றுக்குச் சுமார் 35,000 கிலோ. விமானப் பயணத்தையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. கென்யாவில் வெயில் இலவசம், ஹாலந்தில் அடுப்பு எரிய வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அதற்காகக் கென்யாவுக்கு நற்சான்றிதழும் கொடுத்துவிட முடியாது. அங்கே பூப்பண்ணைகள் சூழ்ந்திருக்கும் நைவாஷா ஏரியின் தண்ணீர் கரியமில வாயுக் கணக்கில் வராது. எங்கள் தொழிலில் ஐந்தொகையில் காட்டாத கடன் என்று ஒன்று உண்டு. வெளியே தெரியாது, ஆனால் யாரோ ஒருவர் கட்டித்தான் ஆக வேண்டும். நைவாஷா தண்ணீர் அந்த ரகம். ஆக, "எங்கே விளைந்தது" என்பது பாதிக் கேள்வி. "எப்போது விளைந்தது, அது அந்த ஊரில் அந்தப் பூவின் பருவமா" என்பது மீதிப் பாதி.

இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்ததுதான் நான் சொன்ன இயக்கம். இத்தாலியில் 1986-ல் துரித உணவுக்கு எதிராகக் கார்லோ பெட்ரினி தொடங்கிய 'ஸ்லோ ஃபுட்' நினைவிருக்கும். அந்த வழியில் அமெரிக்காவில் டெப்ரா பிரின்சிங் 2013-ல் 'ஸ்லோ ஃப்ளவர்ஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். பிரிட்டனில் 2011-ல் சிறு பூ விவசாயிகளுக்காக 'ஃப்ளவர்ஸ் ஃப்ரம் த ஃபார்ம்' என்ற அமைப்பு தொடங்கியது. தொலைத்த பருவத்தை அவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள்.

நாம்? நாமும் தொலைக்கப் பார்த்தோம். 1991 தாராளமயத்துக்குப் பிறகு பெங்களூர், புனே, ஹைதராபாத் பக்கம் ஏற்றுமதிக்கென்றே ரோஜாப் பண்ணைகள் முளைத்தன. வெளிநாட்டுப் பாலிஹவுஸ், வெளிநாட்டு நாற்று, அதற்கு ராயல்டி, பெரிய பெரிய வங்கிக் கடன். திட்ட அறிக்கையில் எல்லாம் அழகாக இருந்தன. ஆனால் குளிர்சாதன வசதியும் விமானத்தில் இடமும் போதவில்லை. ஐரோப்பாவில் இந்திய ரோஜாவுக்கு வரி உண்டு, லோமே ஒப்பந்தத்தில் இருந்த கென்யாவுக்குக் கிடையாது. பல பண்ணைகள் நொடித்தன, கடன்கள் வாராக்கடனாயின. பிழைத்தவற்றில் பல உள்நாட்டுச் சந்தைக்குத் திரும்பின. ஓசூரின் வருஷம் முழுக்கக் குளுமையான வானிலைக்குப் பாலிஹவுசைச் சூடாக்கத் தேவையில்லை என்பதால், அந்த ரோஜாவை ஹாலந்து ரோஜாவோடு ஒரே தட்டில் வைப்பதும் நியாயமில்லை. ஓசூர்க்காரருக்கு அது உள்ளூர்ப் பூதான். கொல்கத்தாவுக்கு அது விமானத்தில் ஏறும்போதுதான் கணக்கு மாறுகிறது.

இங்கே ஹவுரா பாலத்தின் அடியில் மல்லிக் காட் பூச்சந்தை இருக்கிறது. ராம்மோகன் மல்லிக் தன் தகப்பனார் நினைவாக 1855-ல் கட்டிய படித்துறை அது. 1900-ல் கோலாகாட் வழியாகக் கரக்பூர் ரயில் பாதை ஹவுராவை எட்டியது. இன்றைக்கும் அந்தப் பாதையில் பாஞ்ச்குரா, கிராய், கோலாகாட் ஊர்களிலிருந்தும், இன்னொரு பக்கம் ராணாகாட்டிலிருந்தும் லோக்கல் ரயிலில் மூட்டை மூட்டையாகப் பூ வருகிறது. விளைவிப்பவர்களில் பெரும்பாலோர் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயிகள். குளிர்காலத்தில் சாமந்தி, செண்டுமல்லி, கிளாடியோலஸ். கோடையில் பேல் பூ, அதாவது நம் மல்லிகை வகை. கல்யாணத்துக்கு ரஜனிகந்தா, நம் சம்பங்கி. பாத்ர, பௌஷ, சைத்ர மாதங்களில் இங்கே கல்யாணம் கிடையாது (நம் ஆடி, மார்கழி மாதிரி). பூவுக்கும் பஞ்சாங்கத்துக்கும் அப்படி ஒரு சம்பந்தம்.

பழையது எல்லாம் பரிசுத்தம் என்று சொல்ல வரவில்லை. துர்கா பூஜையின் சந்தி பூஜைக்கு 108 தாமரை வேண்டும். பூஜை வருவதற்குள் தாமரையின் உச்சப் பருவம் ஓய்ந்துவிடுவதால், முன்பே பறித்துக் குளிர்பதனக் கிடங்கில் வைக்கிறார்கள். பலாசம் காட்டு மரம். பண்டிகைக்காகக் கிளையோடு ஒடிப்பதும் நடக்கிறது. பருவத்துப் பூ என்றாலும் அளவு என்று ஒன்று உண்டு. "நம் பாரம்பரியப் பூ" என்று மார் தட்டவும் வேண்டாம். செண்டுமல்லியும் சம்பங்கியும் மெக்சிகோவிலிருந்து, போர்ச்சுகீசியர் கடல்வழி கண்ட பிறகு வந்தவை. பூவுக்குக் குலம் கோத்திரம் தேவையில்லை. இந்த மண்ணில், இந்த வெயிலில் தானாகப் பூக்கிறதா? அது போதும்.

என் கவலை வேறு. கல்யாண மேடைகளில் இப்போது தாய்லாந்து ஆர்க்கிட், பிளாஸ்டிக் பூ, பச்சை ஸ்பாஞ்ச் என்று அலங்காரக்காரர்கள் அடுக்குகிறார்கள். காலையில் பறித்த செண்டுமல்லியை அன்றைக்கே விற்றாக வேண்டிய பாஞ்ச்குரா விவசாயிக்கு அங்கே இடம் சுருங்குகிறது. விற்காத பூவை அவர் கிடங்கில் வைத்து நல்ல விலைக்குக் காத்திருக்க முடியாது. குப்பைதான். மேல்நாட்டார் கட்சி கட்டித் திரும்பப் பெற முயலும் ஒன்று நம்மிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் காப்பாற்ற இயக்கம் எதுவும் வேண்டாம். அலங்காரத்துக்கு ஆர்டர் கொடுக்கும்போது படத்தைக் காட்டி "இந்தப் பூ வேண்டும்" என்று கேட்காமல், "இந்த மாதம் என்ன பூ வருகிறது, அதை வைத்துச் செய்யுங்கள்" என்று சொன்னால் போதும். ஸ்பாஞ்சுக்குப் பதில் வாழைத்தண்டில் குத்தச் சொல்லலாம். அலுவலகப் பிரிவுபசார விழாவில் கண்ணாடித்தாள் சுற்றிய பூங்கொத்துக்குப் பதில் ஒரு சம்பங்கி மாலை போடலாம். பூவிலும் பணிக்கு ஒரு குறையும் வராது, செலவும் அநேகமாகக் குறையும்.

உங்கள் ஊரில் இந்த மாதம் என்ன பூ? தெரியாது என்றால் நாளைக் காலையில் பூக்காரம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பஞ்சாங்கமே ஒப்பிப்பார்கள்.