பெரியம்மாவின் நோட்டு

சங்ககிரியில் பெரியம்மா இறந்த பிறகு, அவருடைய பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒரு பழைய நோட்டு கிடைத்தது. தேதி, ரத்தப் பரிசோதனை எண், வார்ஃபரின் எத்தனை மில்லிகிராம் என்று கோடு போட்டு எழுதியிருந்தார். சில தேதிகளைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். அந்த நாட்களில் மாத்திரைக்கான இடத்தில் பூஜ்யம்.

சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவருடைய இதய வால்வைக் கெடுத்திருந்தது. அதன் விளைவான மைட்ரல் வால்வுச் சுருக்கம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் உருவாக்கிய வால்வு 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சில ஆண்டுகள் கழித்துப் பெரியம்மாவுக்கும் செயற்கை வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் உறையாதிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை.

மாத்திரையின் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அந்த ஆராய்ச்சியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகவும், 1954இல் மனித மருந்தாகவும் வந்தது. அடுத்த ஆண்டு, மாரடைப்பு கண்ட அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு அதைக் கொடுத்தார்கள்.

அளவு குறைந்தால் ரத்தம் உறையும், கூடினால் கசியும். ஒருவருக்குச் சரியான அளவு இன்னொருவருக்கு ஆகாது. வயது, எடை, மற்ற மாத்திரைகள், கீரையிலுள்ள வைட்டமின் கே, மரபணு எல்லாம் அதை மாற்றும். சராசரியாகப் பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே தேவைப்படும். ஆனால் அமெரிக்காவில் 1977 முதல் 1993 வரை, கருத்தரிக்கக்கூடிய பெண்களைப் புது மருந்துகளின் தொடக்கச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்றே அரசு வழிகாட்டுதல் இருந்தது.

பெரியம்மா மாதாமாதம் மாமாவோடு சேலத்துக்குப் பஸ் ஏறுவார். எண் 2.5க்கும் 3.5க்கும் இடையில் இருக்க வேண்டும். அவருக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. "முருங்கைக்கீரை சாப்பிட்டீங்களா?" என்பார் டாக்டர். "இல்லைங்க." "ஈறுல ரத்தம் வருதா? ஒண்ணுக்குல வருதா?" "இல்லைங்க." வேறு கேள்வி வரவில்லை. பக்கத்தில் தம்பி நிற்கும்போது, 'தூரம்' ஆனால் பத்து நாள் நிற்காமல் போகிறது என்று எப்படிச் சொல்வார்? பயந்து, அந்த நாட்களில் மாத்திரையை அவரே நிறுத்தினார். டாக்டர் கீரையைக் குறை சொன்னார்.

ஒரு பக்கத்தில் அடுத்தடுத்து நான்கு பூஜ்யங்கள். அடுத்த பக்கத்தில் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. வலது கை விழுந்த பிறகு இடது கையால் எழுதியது. அந்தப் பூஜ்யங்கள்தான் காரணம் என்று நான் நிரூபிக்க முடியாது. அவற்றைக் கடந்து போகவும் முடியவில்லை.

2014இல் புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள், தென்னிந்திய நோயாளிகளின் மரபணு வேறுபாடுகளைச் சேர்த்து வார்ஃபரின் அளவைக் கணிக்கும் சூத்திரம் ஒன்றை வெளியிட்டார்கள். நம் உடல்களையும் கணக்கில் எடுத்த வேலை அது. ஆனாலும் சொல்லப்படாத பூஜ்யம் எந்தச் சூத்திரத்துக்கும் தெரியாது. "மாதவிலக்கு எப்படி இருக்குதுங்க?" என்று யாராவது தனியாக அழைத்துக் கேட்க வேண்டும். மாத்திரையை நிறுத்தாமலே உதிரப்போக்கைக் குறைக்க வழிகள் உண்டு; கருப்பையில் வைக்கும் ஹார்மோன் சாதனம் அவற்றில் ஒன்று. பெரியம்மாவிடம் அதை யாரும் சொல்லவில்லை.

நம் வீட்டுப் பீரோக்களிலும் இப்படி நோட்டுகள் இருக்கலாம். எழுதியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டுப் படித்துவிடுவோம்.