ஆதிச்சநல்லூர்த் தாழிகளும் அவற்றின் காட்சிச்சாலைகளும்

பாண்டிநாட்டின் தென்பகுதியில், பொருநை எனப்படும் தாமிரபரணியின் தென்கரையில், திருநெல்வேலியினின்று திருச்செந்தூர் செல்லும் வழியிலே ஆதிச்சநல்லூர் என்னும் சிற்றூர் உளது. அதனை அடுத்துள்ள மேட்டுநிலத்தை அவ்வூரார் பரம்பு என்பர். அதன் பரப்பு ஏறக்குறைய 114 ஏக்கர். பயிருக்கு உதவாத அந்நிலத்தினுள்ளே, முற்காலத்தார் தம்மில் இறந்தோரைத் தாழியிலிட்டு அடக்கிய பெருங்காடு மறைந்து கிடக்கின்றது. புறநானூற்றின் 256ஆம் பாட்டிலே, கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடங்கொள்ளுமாறு தாழியை அகன்றதாக வனைக எனக் குயவனை வேண்டுகின்றாள். அத்தகைய தாழிகளை இப்பரம்பிற் கண்ணாரக் காணலாம்.

1876ஆம் ஆண்டிலே பெர்லின் நகரத்து யாகோர் என்னும் அறிஞர் இங்கு அகழ்ந்தார். ஐம்பது வகைக்கு மேற்பட்ட மட்கலங்களையும், இரும்புக் கருவிகளையும், எலும்புகளையும், மண்டையோடுகளையும் திரட்டித் தம் நாட்டிற்குக் கொண்டேகினார். 1899 முதல் தொல்பொருள் இலாகாவைச் சேர்ந்த அலெக்சாந்தர் ரீ துரை சில ஆண்டுகள் முறையாக அகழ்ந்தார். இடையே பாரிசு நகரத்து லாப்பிக் என்பவரும் வந்து சிறிது தோண்டிச் சென்றார்.

ரீ துரை கண்டவை படிப்போர் மனத்தை உருக்குவன. பாறையைக் குடைந்து குழி செய்து, அக்குழியுள் தாழியை இறக்கியிருந்தனர். கலங்கள் பலவற்றில் நெல்லுமியும் சிறுதானிய உமியும் இருந்தன. இரும்பு வாளும் வேலும் தாழியைச் சுற்றி முனை கீழ்நோக்கி நின்றன. துக்கங் கொண்டாட வந்தோர் தம் கைப்படைகளை மண்ணிற் குத்திச் சென்றனர் போலும் என்பது அவர் கருத்து. வெண்கல மூடிகளின் உச்சியில் எருமை, புலி, யானை, சேவல் முதலிய உருவங்கள் அமைந்திருந்தன. மெல்லிய பொற்றகட்டாலாய நெற்றிப்பட்டங்களும் கிடைத்தன. இவை சென்னைக் காட்சிச்சாலையை அடைந்தன. அவற்றின் அட்டவணை 1915இல் நூலாக வெளிவந்தது.

நிற்க. எழும்பூரிலுள்ள அக்காட்சிச்சாலையைச் சென்னை மக்கள் பண்டு ‘செத்த காலேஜ்’ என்று வழங்கினர். நகைப்பிற்குக் கூறிய பெயரேயாயினும், இத்தாழிப்பொருள்களைப் பொறுத்தவரை அது பொருந்தியே நின்றது. பொருநைக் கரையில் நெல்லோடும் வேலோடும் உறங்கியவனுடைய உடைமை, ஊரும் உறவும் விட்டுக் கண்ணாடிப் பேழையுள் எண்ணிடப்பெற்றுக் கிடந்தது. பெர்லினுக்குச் சென்றவற்றையோ நம்மவருட் கண்டார் மிகச் சிலர். காவல் நன்கிருந்தது என்பதை யாம் மறுக்கிலோம். ஆயினும் பிறந்த ஊரார் காணாத காட்சி பாதிக் காட்சியே.

இனி நம் சங்கத்து அன்பர் சிலர், இத்தாழிகள் நம் குலத்து முன்னோருடையனவே என்று இவ்விதழில் எழுதுமாறு பன்முறை வற்புறுத்தினர். அவர்தம் ஆர்வத்தை யாம் அறிவோம். எனினும் அவ்வாறு எழுத எம் கை எழவில்லை. இன்ன குலத்தார், இன்ன கிளையார் என்று காட்டும் எழுத்துச்சான்று எதுவும் அங்கு நிலைநாட்டப்பெற்றிலது. மண்டையோடுகளை அளந்து ஆராய்ந்த அறிஞரும் ஒருவரோடொருவர் மாறுபட்டே உரைத்துள்ளனர். பிற குலத்தாரும் இவ்வுரிமையை இவ்வாறே கொண்டாடக்கூடும். அவர்க்கு நாம் கூறும் தடை நமக்கும் உரியதன்றோ? நம் முன்னோர் அத்தாழிகளுள் இருத்தலுங் கூடும். அவர் அருகே பிறர் முன்னோரும் துயில்கின்றனர் என்று கொள்வதால் நமக்குக் குறைவொன்றும் இல்லை.

நூறாண்டு உறங்கிய இவ்வாராய்ச்சி 2004இல் மீண்டும் தொடங்கிற்று. நூற்றறுபதுக்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. ஆயினும் அவ்வகழ்வின் அறிக்கை விரைவில் வெளிவந்திலது. நீதிமன்றம் தலையிடும் வரையில் அது நீண்டது. 2020ஆம் ஆண்டு மத்திய அரசின் வரவு செலவுத் திட்டத்தில், அவ்விடத்திலேயே காட்சிச்சாலை அமையவேண்டிய ஐந்து ஊர்களுள் ஒன்றாக ஆதிச்சநல்லூரும் குறிக்கப்பெற்றது. 2021இல் மறுபடியும் அகழ்ந்தனர், பொற்பட்டமும் கிடைத்தது.

2023 ஆகஸ்டு 5ஆம் நாள் அங்குத் திறக்கப்பெற்ற காட்சிக்கூடம் வேறொரு முறையினது. தாழிகளைப் பெயர்த்து எடுத்திலர். அகழ்ந்த குழியின்மேல் கண்ணாடித் தளம் அமைத்தனர். அதன்மேல் நின்று குனிந்து நோக்கின், தாழிகள் தாம் கிடந்த குழியிலேயே கிடக்கக் காணலாம். செந்தூர் முருகனைத் தரிசிக்கச் செல்லும் நம் குடும்பத்தார் வழியில் ஒரு நாழிகை இறங்கிக் குழந்தைகளுக்கு அதனைக் காட்டி வரலாம். பாதம் கண்ணாடிமேற் படுவதால், இறந்தோரை மிதிப்பது போலாகுமோ என்று முதியோர் சிலர் தயங்குவர். அவர்கள் ஓரத்தில் நின்றும் காணலாம்.